இரண்டாவது பாட்டில்

அன்புள்ள என் கண்ணுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா முழங்காலைத் தவிர மற்ற இடமெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், கையெழுத்து கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தாலும் நம்பிக்கொள்கிறேன். உன் நாவலின் எட்டு அத்தியாயமும் வந்து சேர்ந்தது. உறையின் ஒரு மூலை பிரிந்திருந்தது, தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தாரோ என்னவோ. "இவ்வளவு மோசமான ஆபீஸ விட்டு என் கதாநாயகன் ஏன் போகலன்னு படிக்கிறவங்க கேப்பாங்கம்மா, நீயே ஒரு காரணம் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடக் கட்டுரையைக்கூடக் கையால் மறைத்துக்கொண்டு எழுதியவள் நீ, இப்போது என்னிடம் யோசனை கேட்கிறாய் என்றதும் எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

உன் கதாநாயகனுக்கு மீசை வைத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறான், பாதிப் படி இறங்கியவன் அடுப்பை அணைத்தோமா என்று திரும்ப ஏறுகிறான். அது நான்தான், போகட்டும். ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குழாயின் தண்ணீர் தேறவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும் என்பது சட்டம், மறுபடி எடுக்கும் முன் குழாயைக் கால் மணி நேரம் திறந்து ஓட விட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் யாரும் எழுதிவைக்காத வழக்கம். குழாய்க்குள் தேங்கியதெல்லாம் ஓடிவிடும், இரண்டாவது தடவை எல்லாம் தேறிவிடும், முதலில் எடுத்ததைத் தொட்டியில் கொட்டிவிடுவோம். இதை நானே வீட்டில் புலம்பியிருப்பேன். ஆனால் கொட்டும் முன் அதில் பாதியை வேறு பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேனே, அதை நான் ஒரு ஈ காக்கையிடமும் சொன்னதில்லை. உன் கதாநாயகனுக்கு அது எப்படித் தெரிந்தது?

உன் அப்பாமேல்தான் முதலில் சந்தேகம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மெதுவாக விசாரித்தேன். பிரிட்ஜில் பாலைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை, எனக்கெதுக்கு வம்பு என்றார். கண்ணுக்கு எதிரே இருக்கிற வெண்ணெயையே தேடுகிற மனிதர், அதனால் விட்டுவிட்டேன். அடுத்தது எங்கள் ஆபீஸ் பூதக்கண்ணாடி, எல்லாவற்றையும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்ப்பாரே அவர்தான். சுற்றி வளைத்துக் கேட்டதில், நீங்க எதையோ மறைக்கிறீங்க என்று என்னையே பிடித்துக்கொண்டார், அவரைக் கழற்றிவிட இரண்டு நாள் ஆனது.

அப்புறம்தான் எட்டாம் அத்தியாயம் படித்தேன். அவனுடைய ஒன்பது வயதுப் பையன் பிரிட்ஜில் எதையோ எடுக்கப்போய்ப் பாட்டிலைத் தட்டிவிடுகிறான், தண்ணீர் முழுக்கத் தரையில். பயந்துபோய் வீட்டுக் குழாயில் பிடித்து நிரப்பி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். மூன்று தடவை படித்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பழைய தெரு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அங்கே தண்ணீரில் ஈயம் இருந்தது, குழாய் அவ்வளவு பழசு. வழக்கம்போல ஓடவிட்டு இரண்டாவது தடவை எடுத்துத் தேறியதாகத் தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்டார். நான் விடவில்லை. வீட்டிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலிடத்து விசாரணைக்கே போனேன். எல்லோர் எதிரிலும் பரிசோதித்தார்கள், ஒரு குறையும் இல்லாத சுத்தமான தண்ணீர். வீட்டு பிரிட்ஜில் கிடந்த பாட்டிலுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும் என்று தலைமை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. விசாரணைக்கு முன் அரை மணி நேரம் அந்தப் பாட்டில் அவர் மேஜையில் இருந்தது. அவர்தான் மாற்றிவிட்டார் என்று அன்றே முடிவு கட்டினேன். இருபத்திரண்டு வருடம் அவருக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை.

காரணம் கேட்டாயே, சொல்கிறேன். உன் கதாநாயகன் ஜன்னல் ஓரம் நின்று, இந்த ஆபீஸ் ஒரு நாள் திருந்தும் என்று நினைப்பதாக எழுதியிருக்கிறாய், அதை அடித்துவிடு. நான் அவர்களை நம்பி இருக்கவில்லை, நம்பாததால் இருந்தேன். முதலில் அந்த மனிதரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. அதற்குத்தான் பாட்டிலுக்குச் சீல் ஒட்டி மேலே கையெழுத்தும் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடம் கழித்து, அந்தத் தெருவில் முதல் தடவை எடுத்த பதினொரு பாட்டிலை அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன், அந்தத் தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றினார்கள். யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது, ராஜினாமாக் கடிதம் ஒரு வாரம் என் கைப்பையில் கிடந்தது. ஆனால் எனக்குப் பதில் வருகிறவர் முதல் தண்ணீரைப் பார்க்காமல் கொட்டிவிட்டுப் போய்விடுவாரே என்று தோன்றியது, கிழித்துப்போட்டேன். இதை விசுவாசம் என்று நீ எழுதினால் எழுதிக்கொள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

இதையும் கேள். அந்தத் தெருக்காரர்கள் இரண்டு வருடம் கூடுதலாக அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நீ சுமக்காதே. முதல் தடவை தேறாதபோதே தோண்டியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். சாட்சிப் பொருளைச் சீல் இல்லாமல் காய்கறிக்குப் பின்னால், குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவள் நான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன பங்கு?

நேற்றுக் காலை அந்தப் பழைய தலைமை அதிகாரி பூங்காவில் நடந்துகொண்டிருந்தார், ரொம்பத் தளர்ந்துவிட்டார். குழாயை ஓடவிடச் சொன்ன பாவம் அவருடையதுதான், பாட்டில் விஷயம் மட்டும் அவர் செய்யவில்லை. பக்கத்தில் போய் வணக்கம் சொன்னேன். பதறிப்போனார் மனுஷன், பதில் வணக்கம் சொல்லிவிட்டு இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மிச்சத்தை அவரிடம் உன் பதில் வந்த பிறகுதான் சொல்வேன். அந்தப் பையன் நீதானா என்று உன் கையால் ஒரு வரி வேண்டும், இன்னொரு சாட்சி இல்லாமல் நான் எதையும் உறுதி செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த மூன்று நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன்னை யாரோ அடித்துவிட்டார்கள் என்று உன் டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். டீச்சரைச் சந்தேகப்பட்டேன், அதிகாரியைச் சந்தேகப்பட்டேன், என் பக்கத்திலேயே படுத்திருந்த உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், உன் புத்தகம் நல்லபடியாக வெளிவர வேண்டும். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. மறக்காமல் ஒன்று செய், எட்டாம் அத்தியாயத்தைத் திருத்தும்போது அந்தப் பையனை அவன் அப்பா கூப்பிட்டு உட்கார வைத்து, "என்னடா ஆச்சு, எங்கிட்ட சொல்லு" என்று கேட்கிற மாதிரி ஓர் இடம் எழுதிவிடு. நான் கேட்காததை அவராவது கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை மட்டும் சந்தேகப்படத் தெரியாத
உன் அம்மா