பெருவிரல் பூ

பெருமாள்மலை
9.2.2025

மேனகா அப்பாவுக்கு சுமா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? போன மாதம் ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டே பேசினீர்கள். பஸ் ஏறிய பிறகும் அதுவே கண்ணில் நின்றது.

நேற்று பள்ளிக்கூடத்தில் குடும்ப விழா. பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கையால் ஒரு பரிசு செய்ய வேண்டும். காலி ஊறுகாய் பாட்டிலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, காய்ந்ததும் வீட்டில் எல்லாரும் பெருவிரலைக் கலரில் தோய்த்து வட்டமாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு விரலும் ஒரு இதழ். நடுவில் பஞ்சுக்குச்சியால் மஞ்சள் பொட்டு, கழுத்தில் கம்பளி நூல், பூச்சாடி தயார். "ரொம்ப ஈஸிங்க சுமலதா" என்றார் ஷர்மிளா டீச்சர். மேனகா உங்களுக்காக ஒரு இதழுக்கு இடம் விட்டிருக்கிறாள்.

அவள் வகுப்பில் கண்மணி என்று ஒரு பெண். இந்த வருடம்தான் கூக்காலில் இருந்து வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் அம்மா கேரட் கழுவும் கூலி வேலைக்குப் போய்விட்டதால் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேனகா என் கையைப் பிடித்து இழுத்தாள். "கண்மணிக்கு ஆளில்லம்மா. நீ அவளுக்கும் வெரல் வையி." வைத்தேன், சிவப்பில். கை துடைத்துக்கொண்டே, "அப்பாவும் வேலைக்குப் போயிட்டாரா பாப்பா?" என்று கேட்டேன்.

"அப்பா இல்லீங்க அத்தை. கூக்கால் ரோட்டுல ஜீப்பு அடிச்சுப்போட்டுப் போயிருச்சு. ஜெயமுருகன்னு பேரு."

உங்கள் கேஸில் இருக்கும் அதே பெயர். பதித்த விரலை எப்படி அழிப்பது? அந்தப் பிள்ளை சந்தோஷமாக மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. நான் கோர்ட்டுக்கு வந்ததே இல்லை, அந்த வீட்டில் யாருக்கும் என் முகம் தெரியாது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள் சுமா


மத்திய சிறை, மதுரை
18.2.2025

அன்பு சுமா,

இருமல் பரவாயில்லை. உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கண்ணாடிச் சாமானை இங்கே உள்ளே விட மாட்டார்கள். அதனால் ஆபீஸ் மைப் பேடில் பெருவிரலை அழுத்தி இந்தத் தாளின் அடியில் பதித்திருக்கிறேன். கத்தரித்து மேனகாவைப் பாட்டிலில் ஒட்டச் சொல். அவள் மனசு நோகக் கூடாது.

அந்தப் பிள்ளைகள் பழகுவதைத் தடுக்காதே. நீ யார் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். நடந்ததைக் கோர்ட்டில் சொல்லிவிட்டேன். அடிபட்டதும் அந்த ஆளின் உயிர் போய்விட்டது, பயத்தில் நான் ஓடிவிட்டேன். அதற்குத்தான் தண்டனை அனுபவிக்கிறேன். இனிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டர் இருக்கிறதா?

மகேந்திரன்


பெருமாள்மலை
3.3.2025

மேனகா அப்பாவுக்கு,

நேற்று கண்மணியின் அம்மா விசாலாட்சி வீடு தேடி வந்தார். கையில் அந்தப் பாட்டில். "புள்ளைக்குத் தொணையா ஒக்காந்தீங்களாம். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க" என்றார். கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் சொல்லிவிட்டேன். "நான் அந்த ஜீப் டிரைவரோட சம்சாரங்க."

பாட்டிலை உடைப்பார் என்று நினைத்தேன். அலுங்காமல் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அடிச்சவுடனே செத்துட்டாருன்னு கோர்ட்டுல சொன்னாக. ஆனா நாங்க போய்ப் பாக்கையில அவரு ரோட்டுல இல்ல. ஓரமாப் புல்லுல கெடந்தாரு. அவரு மழைக்கோட்டை மடிச்சுத் தலைக்கு வச்சிருந்துச்சு. செத்தவருக்கு எதுக்குங்க தலைக்கு வைக்கணும்? ரெண்டு வருசமா இதே நெனப்பு. ராத்திரி கண்ணு மூடினா அந்தக் கோட்டுத்தான் வருது."

நான் கேட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோட்டை மடித்து வைத்தது யார்? எனக்கும் தெரிய வேண்டும்.

சுமா


மத்திய சிறை, மதுரை
14.3.2025

சுமா,

இந்தக் கடிதத்தை இங்கே படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

மடித்து வைத்தது நான்தான்.

மூடுபனியில் ஆள் தெரியவில்லை. இறங்கி ஓடினேன். அவருக்கு உயிர் இருந்தது. இரண்டு கைகளாலும் தூக்கி ஓரத்தில் படுக்க வைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குடித்திருந்தேன் சுமா. உன்னிடம் இல்லை என்று சத்தியம் செய்தேனே, அது பொய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வேன் என்ற ஒரே எண்ணம்தான் ஓடியது. "ஜீப்பைத் திருப்பிட்டு வாரேன்" என்று சொல்லிக் கையை விடுவித்தேன்.

அவர், "வெரசா வந்துருங்கண்ணே" என்றார்.

ஜீப்பில் ஏறினேன். திருப்பவில்லை.

இதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எந்த வார்த்தையையும் விட்டுவிடாதே. மறுபடி கேஸ் போட்டாலும் போடட்டும்.

மகேந்திரன்


பெருமாள்மலை
25.3.2025

மேனகா அப்பாவுக்கு,

படித்துக் காட்டினேன். விசாலாட்சி அழவில்லை. ஜெயமுருகன் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். "அப்ப வருவாருன்னு நம்பிக்கிட்டேதான் கெடந்திருக்காரு" என்றார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார். கேஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளில் இருந்து கண்மணி வகுப்பில் வேறு பெஞ்சில் உட்காருகிறாளாம். ஏன் என்று மேனகா கேட்கிறாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சை முடியட்டும், சொல்லிவிடுவேன்.

நீங்கள் செய்ததைவிட, நான் செய்ததை நினைத்துத்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கழுவ வெந்நீர் கேட்டீர்கள். குளிருக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்து நான்தான் மொண்டு ஊற்றினேன். சோப்பும் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் மேனகாவை மடியில் வைத்துச் சாப்பிட்டீர்கள். அந்த நேரம் அவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நானாவது ஓடியிருப்பேன்.

இனி மனு போட்டுப் பார்க்க நான் வர மாட்டேன். மேனகா உங்களுக்கு எழுதினால் தபாலில் சேர்த்துவிடுவேன். எழுதச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

சுமலதா