மூன்று டப்பா திறந்த காட்சி

ஜனவரி 8, வியாழன்

எழுந்ததும் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பாதிதான். மோட்டார் போட்டேன். நல்ல பனி. திருப்பரங்குன்றம் மலை இருக்குமிடமே தெரியவில்லை.

காணும் பொங்கலன்று தெருச் சங்கத்தின் பட்டிமன்றம். தலைப்பு முடிவாகிவிட்டது: ‘நடிப்பில் அண்ணன் விஞ்சி நிற்பது கோபத்திலா, பாசத்திலா?’ இத்தனை வருடமாக நடிக்கும் அந்த நடிகரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அண்ணன்தான்.

நடுவர், எதிர்வீட்டு பால்ராஜ் சார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்துக்கு என் கணவர், பாசத்துக்கு நான். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் அணி என்றால் கூட்டம் கூடுமாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். கல்லூரிக்குப் பிறகு மேடை ஏறியதே இல்லை.

வாங்க: வெல்லம், ஏலக்காய். இவர் வேட்டிக்குக் கஞ்சி.

ஜனவரி 10, சனி

பால்ராஜ் சார் வீட்டில் ஒத்திகை. காபி பரவாயில்லை.

தீர்ப்பு ஏற்கெனவே தயார். கோபம்தான். “கூட்டம் அம்புட்டும் அதுக்குத்தாம்மா கை தட்டும். மாத்திச் சொன்னா என்னைய வீடு போய்ச் சேர விட மாட்டாய்ங்க.”

என் பேச்சின் கடைசி வரியையும் அவரே கொடுத்தார். “‘வீட்ல தெனமும் ஜெயிக்கிறவரு, மேடையிலயும் அவரே ஜெயிச்சுட்டுப் போகட்டும்’னு சொல்லி ஒரு கும்பிடு போட்டு உக்காந்துரும்மா. விசில் பறக்கும்.”

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சார், இவ படம் பாத்தாலே அழுதுருவா. பாசம் இவளுக்குன்னே வச்ச தலைப்பு.”

கடைசியாக எப்போது படம் பார்த்து அழுதேன்? நினைவில்லை. தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பவர் இவர்.

ஜனவரி 11, ஞாயிறு

மதியம் மாமியார் தூங்கிவிட்டார், வீட்டில் வேறு யாருமில்லை. பேச்சுக்காக ஃபோனில் பார்த்தவை:

தங்கை கல்யாணக் காட்சி. அழுகை அதிகம். திரும்பி நிற்கும்போது அந்த முதுகு மட்டும் நன்று.

கோர்ட் காட்சி (இவருக்கு மனப்பாடம்). எல்லாம் குரல். கண் சும்மா இருக்கிறது.

மகன் இறந்த காட்சி. நடிப்பது வயலின்.

பிறகு, தேடாமல் கிடைத்தது ஒன்று. ஒரு வாரம்கூட ஓடாத படம். மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய்விட்டாள். அண்ணன் அடுப்படிக்குள் வருகிறார். அவள் வைத்துவிட்டுப் போன ரசத்தைச் சுடவைத்து, நின்றுகொண்டே ஒரு வாய். உப்பு இல்லை. “ஏ...” என்று உள் அறைப் பக்கம் திரும்புகிறார். நிறுத்திக்கொள்கிறார். பிறகு உப்பைத் தேடுகிறார். ஒரு டப்பா, சீரகம். இன்னொன்று, கடலைப் பருப்பு. மூன்றாவதையும் திறந்து பார்த்து மூடுகிறார். உப்பில்லாமலே சாப்பிட்டு முடிக்கிறார். வசனம் இல்லை, இசை இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இது கோபமா, பாசமா? எந்த அணியிலும் சேராது.

சாயங்காலம் இவர் அடுப்படிக்கு வந்தார். “டீத்தூள் எதுலடி இருக்கு?”

ஜனவரி 12, திங்கள்

வேலைக்குக் கப்பலூர். ஆபீஸில் கரண்ட் இல்லை, பதினோரு மணி வரை சும்மா இருந்தோம். பக்கத்து மேசை மெஹருன்னிசாவிடம் பட்டிமன்றம் பற்றிச் சொன்னேன். அவள் வீட்டிலும் அண்ணன் பக்தி உண்டு.

“எங்க அத்தா கோர்ட் சீன்தான் பெஸ்ட்டும்பாரு. அம்மா தங்கச்சி கல்யாணம்பாங்க. ரெண்டு பேரும் நோன்பு தொறக்குற நேரத்துலகூட சண்டதான்.”

“உனக்கு?”

“ஒரு ஓடாத படம்க்கா. ரசம் சாப்பிடுவாரு. டப்பா டப்பாவாத் தொறப்பாரே...”

“மூணாவதையும் தொறந்துட்டு மூடிருவாரு,” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களும் பாத்துட்டீங்களா? யா அல்லா, நான் மட்டும்தான்னு நெனச்சேன்.”

“மேடையில அதைச் சொல்லவா?”

“அதைச் சொல்லிட்டு எப்படிக்கா ‘அவரே ஜெயிக்கட்டும்’னு முடிப்பீங்க?”

கரண்ட் வந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. கை விரலை லேசாகச் சுட்டுக்கொண்டேன்.

இவர் குளியலறைக் கண்ணாடி முன் கோர்ட் வசனம். உச்சத்தில் குரல் உடைகிறது. மறுபடி முதலிலிருந்து. சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

“இந்தா பாரு, கடைப் பயலுக எல்லாம் வாரானுக. நீ பாட்டுக்கு ரொம்ப நல்லாப் பேசிராத.”

“பேசினா?”

“என்னத்தப் பேசினா... பேசு. அந்தக் கடைசி வரிய மட்டும் சொல்லிரு. எனக்கு அது போதும்.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர். வாடிக்கையாளரிடம் உறுமுகிறவர். இதைக் கேட்கும்போது இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாவமாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஜனவரி 17, சனி

வெயில். தெருவில் பந்தல் போட்டாயிற்று. மைக்காரர் காலையிலிருந்து ‘ஹலோ, ஹலோ’. அண்ணனின் பெரிய ஃபிளெக்ஸ், கோர்ட் காட்சியின் முகம். அதன் கீழே பேச்சாளர் பெயர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கண்ணன் அவர்களின் துணைவியார்’.

பச்சைப் பட்டு இஸ்திரி ஆயிற்று. மாமியாருக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. மெஹர் ஃபோன் பண்ணினாள், முன் வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லி.

இவர் வேட்டி கட்டிக்கொண்டே, “கடைசி வரி ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்குங்க.”

இருக்கிறது. சொல்லப் போவதில்லை. தங்கை, மகன், எல்லாரையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ரசத்துக்கு வருவேன். மூன்றாவது டப்பாவை மூடும் இடத்தில் நிறுத்தி, மைக்கைப் பால்ராஜ் சாரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கும்பிடு கிடையாது. தீர்ப்பு அவர்கள் இஷ்டம்.

மெஹரிடம்கூடச் சொல்லவில்லை.