டேலியாக் கிழங்கு தோண்டிய சனிக்கிழமை

அன்புள்ள அம்மா,

குளிர் தொடங்கிவிட்டதே, உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். நூலக வேலையும் ஒழுங்காகப் போகிறது.

சனிக்கிழமை இங்கே ஒரு சின்னக் கலவரம். முதல் உறைபனியில் டேலியாப் பூச்செடிகள் கருகிவிட்டதால், வீட்டுக்கார அம்மா திருமதி ஹெப்வொர்த்தும் நானும் அடுத்த வருஷம் நட, கிழங்குகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு வில்ஃப் கிளெக், தன் பக்கம் நீண்டிருந்த எங்கள் பேரிமரக் கிளைகளை வெட்டி வேலிக்கு மேலாக வீசினார். வெட்டிய கிளையை மரத்துக்குரியவரிடமே திருப்பித் தருவது இவர்கள் வழக்கம். ஒரு பெருங்கிளை விழுந்து கூடையிலிருந்த கிழங்கெல்லாம் நசுங்கின.

“உங்க சொத்து உங்களுக்கே, அக்கா,” என்று சிரித்தார்.

திருமதி ஹெப்வொர்த் வேலிக்கதவைத் திறந்துகொண்டு போனார். கையிலிருந்த நான்கு பல் மண்கிளறியைக் கிளெக்கின் பூட்ஸின் மேல் குத்தி, பாதத்தைத் துளைத்து மண்ணில் இறங்கும்வரை மிதித்தார்.

“இதுவும் என் சொத்துதான் வில்ஃப். திருப்பிக் குடு.”

கிளெக் அலறியபடி கிடக்க, நான்தான் அதைப் பிடுங்கினேன். பாவாடையில் பட்ட ரத்தம் துவைத்ததும் போய்விட்டது, கவலைப்படாதீர்கள்.

கிளெக்கின் பாதம் தேறுமா என்று மருத்துவமனையில் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அவராகவே தடுக்கி விழுந்தார் என்று திருமதி ஹெப்வொர்த் போலீஸிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“குளிர்காலம் முழுக்க இங்கதானே இருக்கப்போற, கண்ணு?” என்று நேற்று என்னிடம் கேட்டார் திருமதி ஹெப்வொர்த்.

வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் என்னிடம் வருகிறார். பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். வேறு அறை கிடைக்கும்வரை இங்கேதான் இருந்தாக வேண்டும். அதனால் என் அறைக்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றும் நீளமான திருகாணிகளும் உடனே அனுப்புங்கள். கீழேயிருந்து கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள்
நெஸ்டா