பாலகுமார் வெளியூர் போயிருக்கிறார்

மே 17, சனி

அவர் நம்பருக்கு இன்று ரீசார்ஜ் செய்தேன். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை. எட்டு மாதமாக யாரும் பேசாத போனுக்கு எதற்கு இந்த வேலை என்று என் அண்ணன் சீனு கேட்டான். பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வருகிறது என்று சொல்லி வாயை அடைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியாது.

போன் படுக்கையறை மேல் ஷெல்ஃபில் சார்ஜரில் போட்டபடி, சைலண்டில் கிடக்கிறது. எஸ்எம்எஸ் மட்டும் பார்ப்பேன். வாட்ஸ்அப்பைத் திறந்ததே இல்லை. ‘பாலகுமார் ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று பாலகுமாருக்கே அனுப்பிய அறிவாளிகள் அதில் இருப்பார்கள்.

மே 19, திங்கள்

விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். தண்ணீர். பின்பக்கம் ஓடும் ராஜகாலுவே, அந்தப் பெரிய மழைநீர்க் கால்வாய், நிரம்பி, ஊர்ச் சாக்கடை மொத்தமும் எங்கள் வீட்டுக்குள். ‘தரைத்தளம் வேண்டாம்’ என்று வீடு வாங்கும்போதே அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா?

மகள் அனுவைத் தூக்கி டைனிங் டேபிள் மேல் நிறுத்தினேன். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்க முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் இரண்டாவது மாடி பியாட்ரிஸ் அக்கா வீடு.

மே 20, செவ்வாய்

தண்ணீர் வடிந்துவிட்டது. நாற்றம் வடியவில்லை. சோபா, மெத்தைகள், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அனுவின் புதுப் புத்தகங்கள். சுவரில் என் முழங்காலுக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு.

மேலே இருந்ததால் அவர் போன் தப்பித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு மெசேஜ். ‘அன்புள்ள பாலகுமார், கனமழையில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? வீட்டுக்குச் சேதம் இருந்தால் உடனே அழையுங்கள்.’

இன்சூரன்ஸ் கம்பெனி. இப்படி ஒரு பாலிசி இருப்பதே மறந்துபோயிருந்தது. வீடு இருவர் பெயரிலும், பாலிசி அவர் பெயரில் மட்டும். ஜாயின்ட் அக்கவுன்ட்டிலிருந்து தானாகவே பணம் எடுத்துப் பிப்ரவரியில் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. செப்டம்பரில் ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்த மனிதர் பிப்ரவரியில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார்.

தூங்குகிறார் என்று நினைத்து வைட்ஃபீல்ட் வரை யாரும் எழுப்பவில்லையாம். அதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

மே 21, புதன்

கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் தமிழில் பேசினாள். “பாலகுமார் சார் கிட்ட பேசலாமா மேடம்?”

பக்கத்தில் பியாட்ரிஸ் அக்கா கையை ஆட்டிக் கிசுகிசுத்தார். செத்துட்டாருன்னு சொல்லாதே, ஆயிரம் பேப்பர் கேட்டு அலைய விடுவான்.

“அவர் வெளியூர் போயிருக்கார்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. எப்போது வருவார் என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். போனை வைத்த பிறகு ஒரு நிமிஷம் — ஒரு நிமிஷம்தான் — மனசு லேசாக இருந்தது. நிஜமாகவே அடுத்த வாரம் வரப்போகிறவரைப் போல.

மே 22, வியாழன்

நாளை இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார். நனைந்த எதையும் தூக்கிப் போடக்கூடாதாம், அவர் பார்க்க வேண்டுமாம். நாறும் சோபாவுக்குக் காவல் இருக்கிறேன்.

ஹால் சுவரில் அவர் போட்டோ. சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்பு. அதை மாட்டிக்கொண்டு ‘வெளியூர்’ என்று சொல்ல முடியுமா? ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். ஆணியையும் பிடுங்கினேன். அனு வாசலில் நின்று பார்த்தாள். பியாட்ரிஸ் அக்கா போட்டோவை முந்தானையில் மூடி மேலே எடுத்துப்போனார். சாயங்காலம் போனபோது ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். “பத்திரமா இருப்பார்டீ,” என்றார்.

ஒரு மனிதரை எத்தனை தடவை வீட்டைவிட்டு வெளியே எடுப்பது?

மே 23, வெள்ளி

சர்வேயர் பெயர் முனிராஜ். ஐம்பது வயது இருக்கும். நல்ல மாதிரி. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். சுவரில் இருந்த கோட்டை டேப் வைத்து அளந்தார், ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்தார். குனிந்து வாஷிங் மெஷினைப் பார்த்தவர் கண் என் கால் விரலில் இருந்த மெட்டியில் பட்டது.

“சார் எப்போ வர்றாங்க மேடம்? இப்படி நேரத்துல நீங்க ஒண்டியா கஷ்டப்படறீங்களே.”

மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று பதினாறாம் நாள் மாமியார் வீட்டாரோடு சண்டை போட்டவள் நான். பொட்டும் தாலியும் அப்படியேதான் இருக்கும், என் உடம்பு, என் இஷ்டம் என்று கத்தினேன். அதற்காக இன்றுவரை பெருமைதான் பட்டிருக்கிறேன். இன்றைக்கு அதே மெட்டி எனக்காகப் பொய் சொன்னது. நான் வாயைக்கூடத் திறக்கவில்லை.

க்ளெய்ம் படிவத்தில் சார் கையெழுத்து வேண்டும், அப்புறம் ஒரு வீடியோ கால் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 24, சனி

முனிராஜ் அவர் நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். பதில் போட்டாக வேண்டும். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் திறந்தேன்.

‘சரி சார். நன்றி. பிறகு பேசறேன்.’ அவர் இப்படித்தான் டைப் செய்வார், மூன்று முற்றுப்புள்ளி, ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடையாது. என் கை அவர் கை மாதிரியே எழுதியது.

அதற்குக் கீழே ‘அனு’ என்று இருந்தது. படிக்காத மெசேஜ் நூற்று நாற்பத்தொன்று.

ஸ்கூல் க்ரூப்புக்காக என் பழைய போனை அவளிடம் கொடுத்திருந்தேன். அதிலிருந்து. முதல் மெசேஜ் அக்டோபரில். ‘அப்பா, அம்மா உன் டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போடல.’ ‘அப்பா, இன்னிக்கு நான் யார்கிட்டயும் பேசல.’ ‘அப்பா, அம்மா குக்கர் விசில் வரும்போது மட்டும் அழறாங்க, எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு.’

எல்லாவற்றையும் படித்தேன். பிள்ளை பக்கத்து அறையில் இருந்துகொண்டு எனக்குச் சொல்லாத அத்தனையும்.

மே 25, ஞாயிறு

காலையில் அனு தானாகத் தலை பின்னிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். மாதக்கணக்கில் பார்க்காத முகம். என்னடி விஷயம் என்றேன்.

“அப்பா என் மெசேஜ் படிச்சிட்டாரு. எல்லாத்துலயும் ப்ளூ டிக்.”

கையிலிருந்த விளக்குமாறு நழுவிவிட்டது.

“எனக்குத் தெரியும்மா, அப்பா செத்துட்டாரு, வரமாட்டாருன்னு. நான் என்ன சின்னப் பிள்ளையா? ஆனா டிக் வந்துச்சே.”

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு எழுத்து. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. பாவி.

மே 26, திங்கள்

படிவத்தின் பின்பக்கம் அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். ‘பா’வின் வால் கீழே இறங்கி வளையும். மூன்றாவது தடவையிலேயே வந்துவிட்டது. பார்க்கப் பயமாக இருந்தது. அழிக்கவும் மனசு வரவில்லை.

மே 27, செவ்வாய்

லேபில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்க மூன்று தடவை குத்தினேன். பத்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

மதியம் முனிராஜ் அவருக்கு அனுப்பியிருந்தார்: ‘சார், தப்பா நினைக்காதீங்க. நான் நிறைய வீடு பார்க்கிறேன். மேடம் ரொம்ப ஒடஞ்சி போயிருக்காங்க. காசு வரும் போகும். நீங்க சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.’

கேன்டீனில் உட்கார்ந்து இதைப் படித்தேன். யாரும் இதுவரை அவரிடம் எனக்காகப் பரிந்து பேசியதில்லை, உயிரோடு இருந்தபோதும்.

‘வந்துடறேன்’ என்று டைப் செய்து அனுப்பினேன்.

ஏன் செய்தேன்? யாருக்குச் சொன்னேன்? கேன்டீன் முழுக்கப் பார்க்கும்படி அழுதேன். போங்க, பார்த்தா பார்த்துட்டுப் போங்க.

மே 28, புதன்

இன்றும் அனுவிடம் சொல்லவில்லை. அவள் சிரித்த முகமாக இருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

மே 29, வியாழன்

வேலை முடிந்து வந்து சமையலறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அனு படுக்கையறையில். என் இடுப்பில் செருகியிருந்த அவர் போன் ஒளிர்ந்தது.

‘அப்பா, அம்மா ஏன் உன் போட்டோவை எடுத்துட்டாங்க? இன்சூரன்ஸ்காரங்க கிட்ட நீ ஊருக்குப் போயிருக்கேன்னு ஏன் சொன்னாங்க? நீ எங்க இருக்கே?’

கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதில் எழுத விரல் போனது. ‘கண்ணு’ என்று ஆரம்பித்தேன். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

உள்ளே போன் தரையில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அனுவின் குரல், மெதுவாக: “அப்பா?”

இந்தப் பக்கம் டைப் செய்தால் அந்தப் பக்கம் ‘டைப்பிங்’ என்று தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன். ஈரச் சுவரோரம் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். முகம் என்னவோ ஆகிப்போனது, அதை எழுத மாட்டேன்.

“நான்தான் அனு. நான்தான் படிச்சேன். இப்பவும் நான்தான்.”

அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள். “உன்னை யாரு படிக்கச் சொன்னது? அது உனக்கு அனுப்பினது இல்ல! அப்பாவுக்கு! நீ ஏம்மா படிச்சே?”

கால் வலிக்க அங்கேயே நின்றேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

மே 30, வெள்ளி

முனிராஜை என் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். “சார், என் வீட்டுக்காரர் போன செப்டம்பர்ல இறந்துட்டார். இவ்வளவு நாள் உங்களுக்கு நான்தான் பதில் போட்டேன்.”

அவர் கேட்டது ஒன்றுதான்:

“அப்போ… வந்துடறேன்னு சொன்னது?”

“நான்தான் சார்.”

“அய்யோ தேவரே,” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் அனுப்பச் சொன்னார். “நான் பார்த்ததை ரிப்போர்ட்ல எழுதுவேன் மேடம். வந்த தண்ணி நிஜம்தானே. ஆனா மேல என்ன சொல்வாங்கன்னு என் கையில இல்ல.” வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, “நான் எழுதினதை எல்லாம் படிச்சிட்டீங்க இல்ல?” என்றார்.

படித்தேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

அனு என்னோடு பேசுவதில்லை. கேட்டால் ‘ம்’. தட்டைக் கழுவி வைக்கிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள், வருகிறாள். போட்டோவை மேலேயிருந்து அவளே எடுத்துவந்து, ஆணி அடிக்கத் தெரியாமல் தன் மேசை மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஜூன் 19, வியாழன்

வாரிசுச் சான்றிதழுக்கு மூன்றாவது முறையாக அலைச்சல். கவுன்டரில் கொடுத்த படிவத்தில் ‘இறந்தவருக்கு நீங்கள் யார்?’ என்று ஒரு கட்டம். ‘மனைவி’ என்று எழுதப் பேனா எடுத்தேன். எழுதினேன்.

ஜூலை 12, சனி

காலையில் கம்பெனியிலிருந்து கடிதம். முதல் தடவையாக என் பெயருக்கு. பாலிசி புதுப்பித்த நாளில் பாலிசிதாரர் உயிருடன் இல்லாததால் க்ளெய்ம் ஏற்கப்படவில்லை. பிரீமியத் தொகையைத் திருப்பித் தருவார்களாம். மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. முனிராஜும் செய்யச் சொல்கிறார். பார்க்கலாம். இந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டும் கேட்டிருக்கிறேன். மெத்தை வாங்கும்வரை தரையில் பாய் போட்டுப் படுக்கலாம், ஒன்றும் குறைந்துபோக மாட்டோம்.

சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அதை நினைக்காமல் இல்லை. லேபில் நாள் முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. என் போன். ஆறு வாரம் கழித்து அவளாகவே எழுதியிருந்தாள்.

‘அம்மா பசிக்குது. மாவு புளிச்சுப் போச்சு. எப்ப வருவே? ஏதாவது வாங்கிட்டு வா.’

வழியில் இருந்தது அய்யங்கார் பேக்கரி, முட்டை சேர்க்க மாட்டார்கள், அனுவுக்குப் பிடித்த எக் பஃப்ஸ் கிடைக்காது. கார பன் நான்கு வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஒன்றரை மடங்கு கேட்டான். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.