பாலம் ஏறும்போது உதறுகிறது

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்று கணபதி பாலம் ஏறும்போது என் வேன் உதறியது. நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றியும் நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல் இருந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னியது. பாலம் இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

பின்சீட்டில் கருப்பாத்தாக்கா மாரியம்மனைக் கூப்பிட்டார். பக்கத்தில் நாசர் பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. திங்களும் வியாழனும் விடியற்காலையில் அன்னூரிலிருந்து கோவைக்குக் கூட்டிப்போய், நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவேன். மற்ற நாட்களில் கிடைக்கிற வாடகைக்கு ஓட்டுவேன். கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் இந்த இரண்டு நாளை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை.

நாளைக்கே மெக்கானிக் பாலுசாமி அண்ணனிடம் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 5

பாலுசாமி அண்ணன் ஏர் ஃபில்டரை மாற்றினார். கேஸிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் வண்டி இது; பெட்ரோலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். உதறவே இல்லை. “நல்லாத்தானுங்க ஓடுது” என்றார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. பட்டறைக்குப் போனதும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டியதும் நின்றே போயிற்று. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. நாலைந்து பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பெட்ரோலுக்கு மாற்றியதும் ஸ்டார்ட் ஆனது, ஆனால் போய்ச் சேர்வதற்குள் இவர்களுடைய மெஷினில் வேறு ஆட்களைப் படுக்க வைத்துவிட்டார்கள். மத்தியானம் வரை காத்திருந்தோம். கருப்பாத்தாக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. பெஞ்சில் நீட்டி உட்கார்ந்து, நீ போய்ச் சாப்பிட்டு வா கண்ணு என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவரை இறக்கிவிட்ட பிறகு வண்டியில் நாசர் பாயும் நானும் மட்டும். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. இன்று தானாகவே சொன்னார்.

“வண்டி நின்னப்ப, அப்படியே ஊட்டுக்குத் திரும்பிரலாம்னு தோணுச்சுங்க அம்மணி. சந்தோசமாக்கூட இருந்துச்சு.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாய்” என்றேன். அது ஒரு பதிலா?

ஆகஸ்ட் 8

என் வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். கேஸ் கிட் மாட்டினதிலிருந்தே இன்ஜின் போய்விட்டதாம். அவர் மில்லில் யாரோ சொன்னார்களாம்.

ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. பெட்ரோலில் ஒரு தடவைகூட உதறவில்லை. கேஸில் மட்டும்தான், அதுவும் ஆளை ஏற்றி மேடு ஏறும்போதோ, நின்று கிளம்பும்போதோ. இன்ஜினே போயிருந்தால் இரண்டிலும்தானே உதற வேண்டும்?

ஆகஸ்ட் 9, சனி

இதைச் சொன்னதும் பாலுசாமி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் நாலு மூட்டை மாட்டுத் தீவனம் ஏற்றச் சொன்னார். காரமடை ரோட்டில் மேடு பார்த்துக் கேஸிலேயே ஓட்டினோம். உதறியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோளாறு காட்டுகிற சின்ன மெஷினைப் பார்த்து, இன்ஜினின் நாலு சிலிண்டரில் மூன்றாவது பற்றாமல் மிஸ் அடிக்கிறது என்றார்.

நான் உடனே, அப்படியானால் அதற்குக் கரண்ட் தருகிற காயிலை மாற்றிவிடலாம் என்றேன். அவர் மாற்றவில்லை. இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றிலும், மூன்றாவதை இரண்டிலும் போட்டார். மறுபடி ஓட்டினோம். கோளாறு மூன்றிலேயே நின்றது. அப்படியென்றால் காயில் மேல் தப்பில்லை. பிறகு பொறி போடுகிற ஸ்பார்க் பிளக் இரண்டையும் இடம் மாற்றினார். இந்தத் தடவை கோளாறு இரண்டாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. பிளக் எங்கே போகிறதோ அங்கே உதறல் போகிறது.

எதையும் புதிதாக வாங்காமல், இருப்பதை இடம் மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்குத் தெரியாது. ரொம்பப் பிடித்தது.

நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டினார். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது, மூன்றாவதில் மிகவும் அதிகம். பெட்ரோலைவிடக் கேஸைப் பற்றவைக்கப் பொறிக்குப் பலம் கூடுதலாக வேண்டுமாம். பாரம் ஏறும்போது இன்னும் கூடுதலாக. இடைவெளி அகன்றால் பொறி தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது.

அண்ணன் தங்கை மகள் கல்யாணத்துக்காக வெள்ளகோவில் கிளம்புகிறார். வர நாலைந்து நாளாகும். பிளக் நம்பரையும் இடைவெளி எவ்வளவு என்பதையும் சொன்னார். “நீங்களே மாட்டிப்போடுங்க. ரெண்டு தடவை பாத்திருக்கறீங்கல்ல” என்றார்.

சாயங்காலம் டவுனுக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று ரேஸ் வண்டிக்கெல்லாம் போடுவதாம், போட்டால் பிக்கப் பறக்கும் என்றார். மரை எல்லாம் ஒன்றுதான், எதுவானாலும் உட்காரும் என்றார். உட்காருவது வேறு, பொருந்துவது வேறு அல்லவா? பிளக் நம்பரில் ஓர் இலக்கம் மாறினால்கூட அது சூட்டை வெளியேற்றுகிற வேகம் மாறிவிடும். சூடு தங்கினால் இன்ஜினுக்கு ஆபத்து, அதிகமாக ஆறிவிட்டால் கரி பிடிக்கும். பாலுசாமி அண்ணன் சொன்ன நம்பரையே கேட்டு வாங்கினேன். கடைக்காரருக்கு என்மேல் வருத்தம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நானே மாட்டினேன். எங்கள் வண்டிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் இடைவெளியை அளந்து சரிபார்த்தேன். கையால் சுற்றி இறக்கி, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டேன். முதல் சிலிண்டரில் கை நுழைய இடமில்லாமல் ஒரு தடவை நழுவியது. மற்றபடி சுலபம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாலம் ஏறியது. வெண்ணெய் மாதிரி. “இன்னைக்குப் பல்லக்குல போற மாதிரி இருக்குது கண்ணு” என்றார் கருப்பாத்தாக்கா. பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாய் வரவில்லை. அவர் மனைவி ஹபீபுன்னிசாக்கா வாசலிலேயே நின்று, “வண்டிய நம்பி வர முடியாதுங்கறாருங்க, வழியில நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேக்கறாரு” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி சரியாகிவிட்டதே. அவரே திங்கட்கிழமை வந்தாரே.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் வரவில்லை. கருப்பாத்தாக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, நேராகத் திரும்பி பாய் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது.

வண்டியை நன்றாகப் பார்த்துவிட்டேன், இனி நிற்காது என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“வண்டி மேல பழியப் போட்டேனுங்க அம்மணி. வண்டி நல்ல வண்டி. எனக்குத்தான் முடியல.”

மெஷினிலிருந்து எழுந்தால் அன்று முழுக்கத் தலைசுற்றலும் கால் பிடிப்புமாம். மறுநாளும் எழுந்திருக்க முடிவதில்லை. கொஞ்சம் தெளியும்போது அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துவிடுகிறது. வாரத்தில் எனக்கென்று இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சுகிறது, அதையும் மற்றவர்களுக்குப் பாரமாகத்தான் கழிக்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்றார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் உயிர், அவர் முடிவு. அதில் நான் யார்? டிரைவர். ஆனால் வாசலில் நிற்கிற அக்காவின் முகம்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இப்போதுதான் வீடு வந்தேன்.

மத்தியானம் போன். ஹபீபுன்னிசாக்கா அழவில்லை. “மூச்சு உட முடியலைங்க. உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாரு. வாங்க” என்றார். ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் பக்கம் போயிருக்கிறதாம், வர நேரமாகும் என்றார்களாம். போய்ப் பார்த்தால் படுக்கவே முடியவில்லை அவரால். முன்சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, பின்னாலிருந்து அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோவில்பாளையம் தாண்டியதும் உதறியது.

பெட்ரோலுக்கு மாற்றினேன். அப்போதும் உதறியது. விளக்கு மின்னியது. இப்பப் போயா, இப்பப் போயா இப்படிப் பண்ணுவ என்று வண்டியிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ. சிக்னலிலும் ஆக்ஸிலேட்டரை விடாமல், இன்ஜின் அணையாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு சிலிண்டர் போனாலும் மற்ற மூன்றும் இழுக்கும், மெதுவாகவாவது இழுக்கும். பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ‘திரும்பிப் போகலாம்’ என்பது இல்லை.

கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். உடனே மெஷினில் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் நர்ஸ்.

ஆகஸ்ட் 20

சரியான பிளக்தானே போட்டேன்? சரியான நம்பர், சரியான இடைவெளி. அப்புறம் ஏன்?

ஆகஸ்ட் 21, வியாழன்

கருப்பாத்தாக்காவைப் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரிடம் சொல்லி அனுப்பிவைத்தேன். பாய் வார்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி.

“என் சீட்டுக்கடியில டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்க அம்மணி. அது வரும்போதெல்லாம் வண்டி உதறுச்சு. மூச்சு உடறதுக்கு முடியாதப்ப அதைத்தான் கேட்டுட்டே வந்தேன்.”

நேராகப் பட்டறைக்குப் போனேன். பாலுசாமி அண்ணன் வந்திருந்தார். டிக் டிக் என்றதும் சீட்டைத் தூக்கினார். இந்தத் தடவை மிஸ் அடித்தது முதல் சிலிண்டர். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைப் பீங்கானில் முடி மாதிரி ஒரு விரிசல், அதன்மேல் கரிக்கோடு. பொறி உள்ளே போகாமல் அந்த விரிசல் வழியாக வெளியே தாவியிருக்கிறது. அந்தச் சத்தம்தான் டிக் டிக்.

“பிளக் நல்ல பிளக்குங்க. மாட்டும்போது ஸ்பேனர் சாஞ்சிருக்குது” என்றார்.

நழுவியதே. அன்றைக்கு நழுவியதே. சிலிண்டர் வேறு, காரணம் வேறு. உதறல் ஒன்றுபோல் இருந்ததால் பழைய கோளாறே திரும்பிவிட்டது என்று நினைத்திருந்தேன். கேஸில் மட்டும் என்பது போய் பெட்ரோலிலும் உதறியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புதிய பிளக்கை என்னையே மாட்டச் சொன்னார். ஸ்பேனரை நேராகப் பிடித்து, கைக்கு இறுகியதும் நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 22

பாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். வண்டி உதறியது என் கையால் வந்தது, உங்களை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது என்று. அவர் சிரித்தார். இத்தனை நாளில் சிரித்து நான் பார்த்ததில்லை.

“நான் ரெண்டு தடவை போகாம உட்டது உங்க கையாலயா?” என்றார்.

டாக்டர் வந்தபோது அக்கா தைரியமாக எல்லாவற்றையும் சொன்னார், தலைசுற்றல், கால் பிடிப்பு, மறுநாள் எழுந்திருக்க முடியாதது. வாரத்துக்கு இரண்டு தடவையில் இத்தனை நீரை ஒரேயடியாக எடுப்பதால்தான் இப்படி ஆகிறது, மூன்று தடவையாகப் பிரித்தால் உடம்பு தாங்கும் என்றார் டாக்டர். இன்னொரு நாளா என்று பாய் முகம் சுருங்கியது. பிறகு அவரே, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

“சனிக்கிழமை வர முடியுங்களா அம்மணி?”

சனிக்கிழமை எனக்கு நல்ல வாடகை நாள். முடியும் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

வரும் வழியில் பாய் தூங்கவில்லை. குரும்பபாளையத்தில் நிறுத்தச் சொல்லி அக்காவுக்கு மல்லிகைப் பூ வாங்கினார்.

செப்டம்பர் 18

மேட்டில் அருமையாக ஏறுகிறது. எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்று புதிதாக ஒருவர். ரூபன், வயது இருபத்தாறு இருக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவராம். இன்றுதான் அவருக்கு முதல் டயாலிசிஸ். அவர் அம்மா வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ரூபன் ஏறி, பின்சீட்டில் கருப்பாத்தாக்காவிடமிருந்து தள்ளி மூலையில் ஒட்டி உட்கார்ந்து, யாரையும் பார்க்கவில்லை.

கோவில்பாளையத்தில் நாசர் பாய் நிறுத்தச் சொன்னார். முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய் ரூபன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். பிறகு பாய் பேசுவது கேட்டது. ஊசி குத்தும்போது அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம், குளிரும், போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தலைசுற்றினால் அடக்கிக்கொண்டு கிடக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்.

“சொல்லாம இருக்காதீங்க தம்பி. அவங்களுக்குத் தெரியாது. நாமதான் சொல்லோணும்.”

முடிந்து வரும்போது ரூபன் களைத்துச் சாய்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைப் பிடித்தபடி நின்று, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பாய் சொல்லிவிட்டார்.

“அஞ்சரைக்குங்க. வண்டியில நானும் இருப்பேன்.”