பத்துக் கதவுகளும் ஒரு சோற்றுக் கிண்ணமும்

நலம் பெருகுக. மூன்று புறமும் கடல் காவல் நிற்க, நான்காம் புறத்தைத் தம் வாளால் காத்தருளும் புன்னைநாட்டு வேந்தர் கோ வெண்கொற்றப் பெருமாள் வடவெல்லைப் பாசறையில் வெற்றியோடு எழுந்தருளியிருக்க, அவர் திருவடி நோக்கித் தலைநகரிலிருந்து முதலமைச்சன் தும்பைக்கோட்டு நம்பன் வணங்கி விடுக்கும் ஓலை. பாசறைக் குதிரைகளுக்குப் பசும்புல்லும் வீரர்க்கு நல்லுறக்கமும் வாய்க்குக. அரசியார் நலம். இளவரசியாரின் காய்ச்சல் தணிந்தது. மழை பிந்தினாலும் பேரேரி நிறைந்தது.

தேவரீர் பணித்த ஆணை வந்து சேர்ந்தது. சீனதேசத்துக் கீழ்க்கடலோரத்தில் உள்ள ஹைலோ பட்டினத்தில் நடப்பது போல, நம் தலைநகரிலும் பத்து வீடுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, அந்தந்த வீட்டில் உறங்குவோர் பெயர் எழுதிய பலகையைக் கதவுதோறும் மாட்டி, ஒரு வீட்டாரின் குற்றத்தை மற்றவர் மறைத்தால் பத்து வீட்டாரையும் தண்டிக்குமாறு செய்க என்றும், அடியேன் முத்திரை பதித்து முரசறைவிக்க என்றும் அதில் கண்டேன். முத்திரையை இன்னும் பதிக்கவில்லை. அம்முறையை முதலில் புகழ்ந்து எழுதிய தூதர் அருவந்தையாரே திரும்பி வந்து கூறியதை விண்ணப்பிக்கிறேன். கேட்டருளிய பின் தேவரீர் சித்தம்.

ஹைலோவில் இறங்கியபோது அருவந்தையார் வாய் பிளந்து நின்றாராம். கடைத்தெருவில் மறந்து வைத்த பட்டுச் சால்வை மறுநாள் மடித்தபடியே அவர் வாயிலுக்கு வந்தது. கதவுகளுக்குத் தாழ் இல்லை. குடித்துவிட்டுக் கூச்சலிடுவார் இல்லை. இப்படியும் ஓர் ஊரா என்று வியந்துதான் தேவரீருக்கு எழுதினார். சில திங்கள் கழிந்த பிறகே, தாம் தங்கிய தெருவில் எவரும் உரக்கச் சிரிப்பதில்லை என்பது அவருக்கு உறைத்தது. கணவனும் மனைவியும் சண்டையிட்டாலும் முணுமுணுத்தே சண்டையிட்டனர். தங்கை வீட்டுக்கு வந்த தமையனுக்கும், பத்து வீட்டுக்கும் பொறுப்பான கட்டுத்தலைவனிடம் சொல்லி, விருந்தினர் வரவைக் காட்டும் சிவப்புச் சில்லு வாங்கிக் கதவில் தொங்கவிட்ட பின்னரே ஒரு வாய் தண்ணீர் கிடைத்தது. அன்று முதல் தாமும் கால் ஓசையின்றி நடக்கப் பழகியதாகத் தூதர் சொன்னார்.

அவர் தங்கிய மாளிகை அக்கட்டின் பத்தாம் கதவு. ஒரே சுவரைப் பங்கிட்ட ஒன்பதாம் கதவில் ஷூன் என்னும் கைம்பெண் துணிக்குச் சாயமேற்றிப் பிழைத்தாள். அவளுடைய ஒரே மகன் ஜின், பெருங்கால்வாய் வெட்ட அரசாணையால் கொண்டுசெல்லப்பட்டவன். போனவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கால்வாய்க்குச் சென்றோர் அனைவரும் நலம் என்று அதிகாரிகள் பறையறைந்திருந்தமையால், மேற்கொண்டு விசாரிப்பது குற்றமாயிற்று. எட்டாம் கதவில் பயற்றுப் பாலை உறையவைத்துச் செய்யும் பயற்றங்கட்டி விற்கும் ஹுவோ இருந்தான். அவன் மகள் அம்மை நோயில் கிடந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துத் தேற்றியவள் இந்த ஷூன்தான். ஹுவோ அவளை அக்கை என்றே அழைப்பானாம்.

அந்நாட்டார் இளவேனிலில் ஒரு நாள் தம் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து, வீட்டில் இறந்தவர்க்குச் சோறு படைத்து, படைத்ததைத் தாமே உண்பர். அன்று ஷூன் தன் கணவனுக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதன் அருகே இன்னொரு கிண்ணமும் வைத்து, மகன் விரும்பும் முள்ளங்கி ஊறுகாயையும் இட்டாள். கதவு திறந்திருந்தது. கூடையோடு தெருவில் போன ஹுவோவின் கண்ணில் இரண்டு கிண்ணங்களும் பட்டன. கூடையை வீட்டில் இறக்கிவைக்காமலே அவன் கட்டுத்தலைவனிடம் சென்று சொல்லிவிட்டான்.

கட்டுத்தலைவன் கொடியவன் போலத் தோன்றவில்லை என்று தூதர் கூறினார். பத்து வீட்டாரையும் முற்றத்தில் கூட்டி, ஷூனுக்கு அமர இருக்கை இட்டு, தேநீரும் கொடுத்து, இரண்டாம் கிண்ணம் யாருக்கு என்று இனிமையாகவே வினவினான். மகன் இறந்தான் என்பாளாயின், அரசு அறிவிக்காத சாவை அவளுக்கு அறிவித்தவர் யார்? மகன் உயிரோடு இருக்கிறான் என்பாளாயின், வேலையை விட்டு ஓடிவந்து அச்சோற்றை உண்டவன் அவன்தானே? எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணறு. ஷூன் தேநீரைக் கீழே வைத்து, அவன் இருக்கிறானா இல்லையா என்று தான் அறியவில்லை என்றும், இருந்தால் எங்கேனும் பசியாறட்டும், இல்லையென்றால் ஆறுதல் அடையட்டும் என்றே பெற்ற வயிறு கேளாமல் வைத்ததாகவும் சொன்னாள். கட்டுத்தலைவன் தலையசைத்தான். அனைவரும் நலம் என்று அரசு கூறியபின் அறியவில்லை என்பது அரசின் சொல்லை ஐயுறுவதாகும் என்றான்.

பிறகு ஒவ்வொரு கதவும் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. முதற்கதவு, அவள் மீது தனக்கு எப்போதும் ஐயம் உண்டு என்றது. இரண்டாம் கதவும் அதையே சொன்னது. அவளிடம் சாயம் தோய்த்த ஆடையை உடுத்தி நின்றவர்களே நிலத்தைப் பார்த்தபடி அதையே சொன்னார்கள். பத்தாம் கதவின் முறை வந்தபோது அருவந்தையார் எழுந்து நின்றார். அவளைக் காக்கும் எண்ணத்தோடு, சுவருக்கு அப்பாலிருந்து தாம் எந்த ஒலியும் கேட்டதில்லை என்று உண்மையைச் சொன்னார். ஒலி கேளாதபடி ஒருவனை ஒளித்துவைக்க எவ்வளவு கைதேர்ந்திருக்க வேண்டும் என்று கட்டுத்தலைவன் வியந்தான். ஷூனை அழைத்துச் சென்றார்கள். அவள் திரும்பவில்லை.

அவள் கதவுப் பலகையைக் கழற்றும் பணி ஹுவோவுக்கே இடப்பட்டது. கழற்றிய கையோடு தூதர் வாயிலில் அமர்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதானாம். அக்கையைக் கேள்வி கேட்டு விட்டுவிடுவார்கள் என்று நம்பியதாகவும், தான் சொல்லாவிட்டால் தனக்குப் பின்னால் தெருவில் வருபவன் சொல்லிவிடுவான், பிறகு தன் பிள்ளைகளின் கதி என்ன என்று அஞ்சி ஓடியதாகவும் சொன்னான். பின்னால் வந்தவன் யார் என்று தூதர் வினவினார். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்ததாகவும், தெருவில் ஒருவரும் இல்லை என்றும் அவன் கூறினான்.

இதைச் சொல்லும் முன் அருவந்தையார், அடியேன் அறையில் விசிறி வீசியவனை வெளியே அனுப்பச் சொன்னார். அனுப்பிய பின்னும் குரல் உயரவில்லை. கடல் கடந்து வந்த மனிதருக்கு இன்னும் காற்றைக் கண்டு பயமா என்று அடியேன் நகைத்தேன். இப்போது நகைப்பு வரவில்லை. அரண்மனையில் எவனோ நாவடக்கம் இல்லாதவன் தேவரீர் ஆணையை வெளியே விட்டுவிட்டான். முரசு இன்னும் அறையவில்லை, ஒரு பலகையும் மாட்டவில்லை. அதற்குள் விடிந்ததும் அடியேன் வாயிலில் மக்கள் நிற்கிறார்கள். செக்கான் குயவனைப் பற்றிச் சொல்ல வருகிறான். மருமகள் மாமியாரைப் பற்றிச் சொல்ல வருகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நேற்று வந்தவர் அருவந்தையாரின் மைத்துனர். தூதர் உறங்குவதில்லை, தாழ்ந்த குரலில் பேசுகிறார், அவர் மனத்தில் ஏதோ இருக்கிறது என்று அறிவித்து, தாம் முந்திக்கொண்டு சொன்னதை நினைவில் வைக்குமாறு வேண்டிச் சென்றார்.

பெருமானே, அடியேனுக்கு அச்சமாக இருக்கிறது. பகைவர் மதில் ஏறிய நாளிலும் இவ்வாறு அஞ்சியதில்லை. திருடர் அஞ்சத்தான் இம்முறை என்று தேவரீர் கருதியருளினீர்கள். இந்நகரில் திருடர் நூற்றுக்கு ஒருவர், அஞ்சுவோரோ அனைவரும். ஆணையை மீட்டருளுக. மீளாதாயின் வேறொருவர் கை அதை முத்திரையிடட்டும். அமைச்சு முத்திரை மோதிரத்தை இவ்வோலையோடு பட்டில் முடிந்து அனுப்பியுள்ளேன். ஆதலால் இவ்வோலைக்கு முத்திரை இல்லை, கையெழுத்து மட்டுமே உண்டு. மறுமொழி வரும்வரை ஒரு கதவிலும் பலகை ஏறலாகாது என்று நகரக் காவலர்க்கு ஆணையிட்டுள்ளேன். இது அடியேன் இடும் கடைசி ஆணையாகவும் இருக்கலாம்.

வாழ்க செங்கோல், வளர்க குடி. இவ்வோலை கொண்டுவரும் வீரன் எழுத்தறியான். அடியேன் தெருவில் இடப்புறம் ஐந்து வீட்டாரும் வலப்புறம் நான்கு வீட்டாரும் இதில் ஒரு சொல்லும் அறியார். அவர்களுள் எவரும் என்னோடு கலந்து பேசியதில்லை, என் வீட்டில் உண்டதும் இல்லை. தண்டம் என் கதவோடு நிற்குமாறு அருள்க.