கூம்புக் கண்

மார்ச் 3

பூசணி, என் மகளே, நீ போய் இன்றோடு பத்தொன்பது நாள். ஒரு காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி, முடிந்தது. கடைசி நாள் வாயைத் திறந்து திறந்து மூடினாய். ஏதோ பேச வருகிறாய் என்று, "பேசாம தூங்குடி" என்றேன்.

உன் பச்சோந்தி ஜன்னலோரக் கூண்டில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண் சுவரைப் பார்க்கிறது, ஒரு கண் என்னை. துக்கம் கேட்க வந்த உன் அத்தையும் அப்படித்தான். ஒரு கண் அழுதது, இன்னொன்று உன் பீரோவை அளந்தது.

மார்ச் 5

கிண்ணம் நிறையத் தண்ணீர் வைக்கிறேன், தொடுவதில்லை. மகாராணிக்கு வெள்ளிக் கிண்ணம் வேண்டுமாக்கும்.

"இதுக்கு இமை ரெண்டும் ஒட்டிக் கூம்பு மாதிரி இருக்கும்மா. நடுவுல பொட்டளவு ஓட்டை, அது வழியாத்தான் பாக்கும். தனித்தனியாச் சுத்தும். பூச்சியப் பிடிக்கிறப்ப மட்டும் ரெண்டும் ஒண்ணா முன்னால திரும்பும்" என்பாய். நாலாம் வகுப்போடு நின்ற நான் இஸ்திரிக் கடையில் வெந்து உன்னைப் படிக்க வைத்தது, இந்த ஓணான் புராணம் கேட்கவா?

மார்ச் 8

பூச்சியும் வேண்டாமாம். பட்டப்பகலில் கண்ணை மூடுகிறது. கூம்பு குழிந்துவிட்டது. தூங்குமூஞ்சி.

மார்ச் 9

மிருகக்காட்சிசாலையில் உன்னோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரன் வந்தான். கூண்டைப் பார்த்ததும் பதறினான்.

"என்னம்மா, தண்ணியே காட்டலயா?"

"கிண்ணம் உன் கண்ணுக்குத் தெரியலயா?"

"அது கிண்ணத்துல குடிக்காதும்மா. இலையில நிக்கிற சொட்டத்தான் நக்கும். உங்க பொண்ணு தெனம் ஸ்ப்ரே அடிப்பாளே!"

அடிப்பாய். செடிக்கென்று நினைத்தேன். நீ போன பிறகு நானும் அடித்தேன். அப்புறம், செடிக்குச் செம்பில் ஊற்றினால் போதாதா என்று, இஸ்திரிக் கடைக்குத் திரும்பிய அன்று அந்த ஸ்ப்ரே பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்விட்டேன். ஒன்பது நாளாக ஊரார் சட்டைக்கெல்லாம் தெளித்துக்கொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு ஜென்மம்!

"பொழைக்கிறது கஷ்டம். குடுங்க, நான் கொண்டு போறேன்."

"நீ என்னத்தக் கிழிப்ப? எனக்குத் தெளிக்கத் தெரியும்டா. இருபது வருஷமா அதத்தான செய்யறேன்."

மார்ச் 10

மூன்று தடவை தெளித்தேன். அசையவில்லை.

மார்ச் 13

இலையை நக்கியது. குழிந்த கண் மேலே வந்திருக்கிறது. பூச்சியை நீட்டினேன். இரண்டு கூம்பும் மெல்லத் திரும்பி என் விரலில் வந்து நின்றன. ஒரே வீச்சு, நாக்கால் பிடுங்கிக்கொண்டது. உடனே கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. திமிர்.

கடைசி நாள் உன் கண்ணும் குழிந்துதான் இருந்தது. பூசணி, அன்று நீயும் தண்ணீர்தான் கேட்டாயா?